ஐந்தாவது அநியாயம்

ஞானசிங் முதலாளி எங்களுக்குச் செய்த அநியாயங்களை வரிசைப்படியே சொல்கிறேன்.

ஒன்று, 2006. சங்கம் வைத்தோம் என்பதற்காக ஒர்க்‌ஷாப் கேட்டைப் பூட்டினார்.

இரண்டு, 2011. பெயிண்டர் ரத்தினத்தை விசாரணையே இல்லாமல் வெளியேற்றினார். பத்தொன்பது நாள் கேட்டில் உட்கார்ந்தோம். ரத்தினமும் திரும்ப வந்தார், கூடவே ஒரு விதியும் வந்தது. தொழிலாளி மேல் குறை சொன்னால், ஜாப் கார்டில் 'வேலை செய்தவர்' என்று எழுதியிருக்கும் பெயரை இரண்டு சாட்சிகள் முன்னால் உரக்க வாசிக்க வேண்டும். அந்த நோட்டீஸை எழுதி, கீழே 'ஞானையன், செயலாளர்' என்று கையெழுத்துப் போட்டவன் நான்.

மூன்று, 2017. வயர் இணைப்பு இளகாமல் இருக்க, டேப்புக்கு மேல் குளச்சல் வலைநூலைச் சுற்றிக் கட்டுவது என் வழக்கம். "காருக்குள்ள மீனா பிடிக்கப் போறீரு?" என்று கஸ்டமர் முன்னால் சிரித்தார்.

நான்கு, 2022. நான் ஓய்வு பெற்ற அன்று அவர் தந்த சுவர்க்கடிகாரம் ஓடவில்லை.

ஐந்தாவது, போன புதன்கிழமை காலையில்.

துபாயிலிருந்து லீவில் வந்த எபின், தன் பழைய காரில் பெரிய எஞ்சின் ஏற்றி, டர்போ மாட்டி, மஞ்சள் அடித்து வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை கோவையில் பந்தயம். ஆனால் சாவியை அணைத்த பிறகும் வண்டி பத்து விநாடி ஓடுகிறது. வயரிங் பார்க்கிற தஸ்ரினை வேலையை விட்டு அனுப்பினால்தான் ஆயிற்று என்று நிற்கிறானாம். முதலாளி ஜாப் கார்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார் என்று ரத்தினம் போனில் சொன்னார்.

சங்கப் பொருளாளர் பெனினைக் கூட்டிக்கொண்டு போனேன். ரத்தினமும் பெனினும் சாட்சி.

"கார்டை எடும்," என்றேன்.

ஞானசிங் சட்டைப்பையைப் பொத்தினார். "கார்டு வேண்டாம், வே. பிள்ளைய நான் வெளிய அனுப்ப மாட்டேன். நம்பும்."

2011-லும் நம்பச் சொன்னவர்தான். எல்லோர் முன்னாலும் குறையைக் காட்டும்படி தஸ்ரினிடம் சொன்னேன்.

"வேண்டாம் மாமா. நானே சரி பண்ணிட்டுப் போயிருதேன்."

"பயப்படாத மக்கா. காட்டு."

ரேடியேட்டர் முன்னாலிருந்த கூடுதல் ஃபேனின் வயரைக் கழற்றிவிட்டு, வண்டியை ஓடவிட்டு அணைத்தாள். சட்டென்று நின்றது. வயரை மறுபடி மாட்டி அணைத்தாள். ஓடிக்கொண்டே இருந்தது. சாவியை அணைத்தாலும் ஃபேன் கொஞ்ச நேரம் சுற்றும், அந்தச் சுற்றில் உண்டாகிற கரண்ட் திரும்பிப் போய் எஞ்சினை ஓட்டுகிறது என்றாள். நடுவில் ரிலே என்கிற தனி சுவிட்ச் வைத்திருந்தால் கரண்ட் திரும்பியிருக்காது. யாரோ நேராகச் சேர்த்துவிட்டார்கள்.

இருபத்தாறு வயதில் இந்தத் தெளிவு எங்களில் யாருக்கும் இருந்ததில்லை. எபின் தலை குனிந்தான். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"சேர்த்த இடத்தைக் காட்டு."

இணைப்பைப் பொத்தியிருந்த கையை அவள் எடுக்கவில்லை. நானே அதை விலக்கி வயரை இழுத்தேன்.

டேப்புக்கு மேல் வலைநூல்.

பெருநாளுக்கு தஸ்ரின் லீவு போட்ட இரண்டு நாள், முதலாளி உதவிக்குக் கூப்பிட்டது என்னைத்தான். அன்று இந்த வண்டிக்கு மஞ்சளும் இல்லை, முன்பக்கமும் இல்லை; அதனால்தான் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

ஞானசிங் என் காதருகே வந்தார். "விடும், வே. இந்தப் பயலுக்கு முன்னால உம்ம பேரு எதுக்கு?"

நான் அவர் பையிலிருந்து கார்டை உருவினேன். கண்ணாடியை மாட்டினேன். சாட்சிகள் இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்தி, கோஷம் போடுகிற குரலில், கேட் வரை கேட்க வாசித்தேன்.

"வேலை செய்தவர், ஞானையன்."