வயிற்றுவலிச் சீட்டு

"வயித்து வலியாம்! காப்பிப் பழம் பழுக்கிற மாசம் பார்த்துத்தான் இவங்க வயிறும் பழுக்குது!"

எஸ்டேட் ரைட்டர் செல்லப்பன் கத்தினால், அந்தக் கத்தல் இருபது கொண்டை ஊசி வளைவும் உருண்டுபோய் அடிவாரத்தில் டீ ஆற்றுகிறவன் கையைத் தட்டிவிடும். காலையில் பேர் கூப்பிடும் களத்தில் அறுபது பேர் கூடையோடு நின்றார்கள். எதிரே மருதாயி, மூன்று நாள் வேலைக்கு வராத மகாபாவி.

ரைட்டரின் உலகத்தில் நோய் என்பதே கிடையாது, சோம்பேறிகள்தான் உண்டு. பிரசவ வலியையே நடிப்பென்று சொல்லி அரை நாள் கூலி பிடித்த புண்ணியவான். ஆஸ்பத்திரிச் சீட்டு பொய்யென்று பட்டால் பேரை அடித்துவிடுவார். அன்று சாயங்காலமே எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான்.

நாற்காலியில் ஒரு பக்க இடுப்பைத் தூக்கியே உட்கார்ந்திருந்தார். போன வாரம் மச்சினன் வீட்டுக் கல்யாணமென்று சேலம் போய் வந்ததிலிருந்து இப்படித்தான். பஸ் குலுக்கலாம்.

"சீட்டு எங்கடி?"

மருதாயி பையிலிருந்து ஒட்டிய கவர் ஒன்றை எடுத்தாள். "ஏனுங்க, இது வந்துங்க..."

"வாயை மூடு!"

கவர் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க அவருக்கு ஏது பொறுமை? பிடுங்கிக் கிழித்து, உள்ளே இருந்த இங்கிலீஷைக் கடைசி வரியிலிருந்து படித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார்.

"கூத்தைக் கேளுங்கய்யா! இவ வயித்துல லிம்போமாவாம்!"

"அப்படின்னா என்னங்க?" என்றான் கூட்டத்திலிருந்த பொன்னுவேல்.

"கேன்சருய்யா! எலும்பு மஜ்ஜை வரைக்கும் பரவிருச்சாம். இது வந்தவன் பொங்கல் பாக்க மாட்டான். இவளைப் பாருங்க, நெல்லு மூட்டையாட்டம் நிக்கறா! டாக்டருக்கு எத்தனை கூடை ஆரஞ்சு தூக்கிக் குடுத்தே?"

களமே சிரித்தது. சிரிக்காவிட்டால் அவர்கள் பேரும் போய்விடுமே.

ரைட்டர் பேனாவைத் திறந்து மருதாயியின் பேர்மேல் வைத்தார்.

அவள் அவசரமாக மடியிலிருந்து இன்னொரு சீட்டை உருவி நீட்டினாள். "என் சீட்டு இதுங்க. எனக்கு வெறும் வயித்துப் புண்ணுதானுங்க."

"அப்ப இது?"

மருதாயி கீழே கிடந்த கவரைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"அது சேலம் ஆஸ்பத்திரி டாக்டரம்மா உங்க கையில குடுக்கச் சொன்னதுங்க. போன வாரம் எலும்புல ஊசி குத்துன இடுப்பு ஆறிருச்சான்னு கேட்டு வரச் சொன்னாங்க."