ஏழாம் லைனின் சாவி

மூன்றாவது முயற்சியிலேயே கடவுச்சொல்லைப் பிடித்துவிட்டாள். ஊர்ப் பெயர், பின்னால் ஒன்று இரண்டு மூன்று.

குறித்துக்கொண்டாள்.

அவளுடைய வேலையே அதுதான். வெளியாள் ஒருவன் கணினி வழியாக இந்தத் துணை மின்நிலையத்துக்குள் நுழைந்தால் எந்த லைனையெல்லாம் அணைக்க முடியும், எதையெல்லாம் போட முடியும் என்று பார்த்து எழுத வேண்டும்.

திரையில் எட்டு லைன்கள். ஓடும் லைனுக்குச் சிவப்பு, அணைந்ததற்குப் பச்சை. ஏழாவது மட்டும் பச்சை. தலைமை அலுவலகம் கொடுத்த தாளிலும் அதற்கு நேரே ‘உபயோகத்தில் இல்லை’ என்றிருந்தது.

சோதித்துப் பார்க்க நல்ல லைன்.

போட்டாள்.

‘கட்டளை அனுப்பப்பட்டது’ என்றது திரை.

பச்சை மாறவில்லை.

ஒரு நிமிடம் விட்டு மறுபடி போட்டாள். பச்சை.

‘ஏழாவது லைனைப் போடும் பிரேக்கர் பழுது’ என்று அவள் தட்டிக்கொண்டிருந்தபோது ஆபரேட்டர் பீர்முகமது டீயோடு வந்தார். திரையை எட்டிப் பார்த்தார்.

“பழுதெல்லாம் இல்லம்மா. நம்ம லைன்மேன் சேவுகன் இந்த லைன் கம்பத்துல நிக்கிறான். ஏறுறதுக்கு முன்னாடி பேனலைப் பூட்டி, சாவியை மடியில முடிஞ்சுக்கிட்டுத்தான் போவான். பூட்டிட்டா கம்ப்யூட்டர் என்ன சொன்னாலும் அதுக்குக் கேக்காது. என்னையே நம்ப மாட்டான், இதையா நம்புவான்?”

“இது உபயோகத்துல இல்லைன்னு தாள்ல…”

“அது பழைய தாளும்மா. தை மாசமே ஓட ஆரம்பிச்சிருச்சு.”

டீயை வைத்துவிட்டு உள்ளே போனார்.

மேசையோரம் பதிவேடு விரிந்து கிடந்தது. ஏழாம் லைன். ஆள் ஏறிய நேரம் 11.10. பக்கத்தில் ஒரு கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக.

அவளுடைய கட்டளைகள் 11.42, 11.43.

தட்டியதை அழித்தாள்.

டீயில் ஆடை படிந்தது.

பன்னிரண்டரைக்குத் தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவன் வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மடியை அவிழ்த்துச் சாவியை அவள் முன்னால் வைத்தான்.

“முடிஞ்சிருச்சுண்ணே, போட்டுக்கங்க” என்று உள்ளறைப் பக்கம் குரல் கொடுத்தான்.

பிறகு கணினியைப் பார்த்தான். அவளைப் பார்த்துச் சிரித்தான்.

“என்னக்கா, வெளியாள் எவனும் உள்ள பூந்தானா?”

அவள் சாவியைக் கையில் எடுத்தாள்.

இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.