கோழிப் பலகை

பக்கத்து வீட்டு அஞ்சம்மாள் வருவதற்குள் கெங்கம்மாள் ஈரத்துணியால் சின்னராசுவின் முழங்கால்களைத் துடைத்துவிட்டாள்.

எட்டு மாதப் பிள்ளை. துடைக்கத் துடைக்கச் சிரித்தான்.

அவனை மூலையில் உட்காரவைத்து மரக்கரண்டியைக் கையில் கொடுத்தாள். வாசற்படியில் ஒரு பலகையைக் குறுக்கே நிறுத்தினாள். கோழி உள்ளே வராமல் இருக்க.

பிறகுதான் செல்வியைப் பாயில் குப்புறப் போட்டாள்.

செல்விக்கு நான்கு வயது. பிறந்தபோது வெகுநேரம் அழாத பெண். இன்னும் தவழவில்லை.

கைகால்களைத் தவழ்கிற மாதிரி தினமும் அசைத்துக்கொண்டே இருந்தால், மூளை ஒருநாள் கேட்டுக்கொள்ளும் என்று பொன்னேரி ஆஸ்பத்திரி நர்ஸம்மா சொல்லியிருந்தார். நல்ல ஆகாரமும் வேண்டுமாம். அதனால் வீட்டுக் கோழி இடுகிற முட்டை செல்விக்குத்தான். இன்றைய முட்டையும் அவிந்து, கூழில் மசிக்கக் காத்திருந்தது.

புருஷன் சடையப்பன் விடியலிலேயே கும்மிடிப்பூண்டிக்கு ரயிலேறிவிட்டான். புதிதாக எழும்பும் கம்பெனிகளில் கலவை சுமக்கும் வேலை. கெட்ட மனுஷன் இல்லை. களைத்துப்போனவன்.

குழந்தை தவழ்ந்து முதல்முதலாக வாசற்படி தாண்டினால், கொழுக்கட்டை பிடித்துத் தெருவுக்கெல்லாம் கொடுப்பார்கள். அதை வைத்துத்தான் போன மாதம், அஞ்சம்மாள் இருக்கும்போதே, அவன் கெடு சொன்னான்.

"சின்னவன் படி தாண்டி நீ கொழுக்கட்ட புடிக்கிற அன்னியோட இதெல்லாம் வுட்டுடு. முட்டைய அவனுக்குக் குடு."

கெங்கம்மாள் சரி என்றுதான் சொன்னாள்.

அஞ்சம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தாண்ட முடியாமல் பலகையை ஓரமாகத் தள்ளினாள். "ஒத்தக் கோழிக்கு இம்மாம் பெரிய பலகையாடி?"

அஞ்சம்மாள் கால்களைப் பிடித்தாள். கெங்கம்மாள் தலையையும் கைகளையும். முகம் இந்தப் பக்கம் திரும்பினால் இந்தக் கை முன்னால். அந்தப் பக்கம் திரும்பினால் அந்தக் கை.

செல்வி நனைந்த மூட்டை போலக் கனத்தாள். கெங்கம்மாளுக்குத் தோள் விட்டுப்போயிற்று. கண்ணை மூடினால் அப்படியே தூங்கிவிடுவாள்.

கரண்டிச் சத்தம் நின்றது.

பலகையைத் திரும்ப வைக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எழுந்திருக்க முடியாது. செல்வியின் முகம் அவள் உள்ளங்கையில் இருந்தது. கையை எடுத்தால் மூக்கு பாயில் அழுந்தும்.

சின்னராசு படிக்குப் போய்விட்டான்.

அவன் தயங்கவில்லை. எட்டிக்கூடப் பார்க்கவில்லை. படிமேல் வயிற்றை வைத்து, அப்படியே திரும்பி, காலை முதலில் இறக்கி வாசல் மண்ணில் வழுக்கிக்கொண்டு இறங்கினான். நன்றாகப் பழகிய வழி.

அஞ்சம்மாள் வாயைத் திறந்தாள்.

கொழுக்கட்டை என்று சொல்ல வந்தவள், தண்ணீர்க் குடத்தின் மேல் கிடந்த ஈரத்துணியைப் பார்த்தாள். அதில் செம்மண் கறை. பழைய கறையின் மேல் புதுக் கறை.

கெங்கம்மாள் நிமிரவே இல்லை. செல்வியின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அஞ்சம்மாள் செல்வியின் கால்களை மெல்லக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். வாசலில் இருந்தவனைத் தூக்கி வந்தாள். அதே துணியால் அவன் முழங்கால்களைத் துடைத்தாள். பலகையை நிமிர்த்தி, ஆடாமல் நிற்கிறதா என்று தட்டிப் பார்த்தாள்.

"கோழி பூந்துடப் போவுது" என்று சொல்லிக்கொண்டே வந்து உட்கார்ந்து, செல்வியின் காலைப் பிடித்தாள்.