பச்சை விளக்கு எரிந்த நேரம்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் எனக்கு மிச்சமிருக்கும் பற்கள் இன்றே கொட்டட்டும்.

செயற்கைக்கோளுக்கு உயிர் போய்க்கொண்டிருந்தது.

அது அடிவானத்தில் இறங்குவதற்குள் அதன் குரலைப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் சிக்னல் பிடிக்கும் எங்கள் நிலையத்தை இழுத்து மூடிவிடுவதாக மேலதிகாரி சொல்லியிருந்தார்.

செயற்கைக்கோளைத் தான் பெற்ற பிள்ளைபோல் கட்டிய இன்ஜினியர், ரிசீவர் முன்னால் குந்தியிருந்தார். பின்னால் டெக்னீஷியன் நின்றான். இன்ஜினியரின் மச்சினன், அக்காவின் தயவில் வேலைக்கு வந்தவன்.

வருகிற அலையோடு தன் அலையையும் ஒத்துப்போக வைத்து, அதைக் கவ்விக்கொள்வதுதான் ரிசீவரின் வேலை. கவ்வினால் பச்சை விளக்கு எரியும்.

ஆனால் ரிசீவரின் அலை படிப்படியாகத்தான் நகரும். செயற்கைக்கோளின் முனகலோ இரண்டு படிகளுக்கு நடுவே தொங்குகிறது என்றார் இன்ஜினியர்.

எனவே, கணினிக் கணக்கால் படியையே நறுக்கத் தொடங்கினார்.

ஒரு ஹெர்ட்ஸ் அளவுப் படியை நூறாக நறுக்கினார். ஆயிரமாக. லட்சமாக. விளக்கு அசைந்து கொடுக்கவில்லை.

அளவுக்கு மீறி நறுக்கினால் கருவி தன் சொந்த முனகலையே கவ்விக்கொள்ளும் என்று கையேட்டில் எழுதியிருந்தது. கையேட்டை யார் படிக்கிறார்கள்?

பக்கத்து அறையில் மேலதிகாரி ஏப்பம் விட்டார். திரையில் கோடு நடுங்கியது. தெருவில் எவனோ மனைவியிடம் பொய் சொன்னான். கோடு லேசாகச் சாய்ந்தது. அத்தனை நுணுக்கம்.

அப்போதுதான் மச்சினன் காலை நகர்த்தினான். குனிந்து பார்த்தான். முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது.

“மாமா…”

“மூச்சு விடாதடா! கோடு ஆடுது!”

விடவில்லை.

இன்ஜினியர் இன்னும் ஒரு நறுக்கு நறுக்கினார்.

பச்சை விளக்கு எரிந்தது.

மேலதிகாரி ஓடிவந்து கட்டிக்கொண்டார். நிலையத்தை மூடும் பேச்சே இனி இல்லை என்றார். இன்ஜினியர் திரையைத் தடவித் தடவி அழுதார்.

“பாருடா, மயிரிழைகூட நகராம நிக்குது என் தங்கம்!”

மச்சினனும் தேம்பினான். அக்கா புருஷன் மேல் இத்தனை பாசமா என்று எல்லோரும் வியந்தார்கள். வாயை இருமுறை திறந்து மூடினான். காலை மட்டும் எடுக்கவில்லை.

வெளியே, செயற்கைக்கோள் அடிவானத்துக்குக் கீழே இறங்கியது.

அவன் காலடியில் இருந்தது, தரை துடைப்பதற்காகக் காலையில் அவனே ரிசீவரிலிருந்து கழற்றிய ஆண்டெனா கேபிளின் முனை.