ஸ்வர்ணா மேல ஒரு கம்ப்ளெயின்ட்

"கேன்சல் பண்ணலாம் சார். ஆனா கேன்சலேஷன் சார்ஜ் உண்டு. அது உங்க அக்கவுன்ட்லேர்ந்தே போயிடும்."

ஆம்ப்ரோஸோட எஸ்டிடி பூத்துல, ஸ்பீக்கர் போன்ல வந்த இன்ஷூரன்ஸ் கஸ்டமர் கேர் பொண்ணு குரல் என்னவோ தேன் மாதிரிதான் இருந்துச்சு. சொன்ன விஷயம்தான் இளங்கோவனுக்குக் கசந்துச்சு.

அடுகோடியில ஒரு லேத் பட்டறையில வேல அவருக்கு. பேங்க்ல அக்கவுன்ட் ஆரம்பிச்சப்போ காட்டின எடத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டார். அதுல ஒண்ணு ஹெல்த் இன்ஷூரன்ஸ். வருஷா வருஷம் தானா புதுசாயிடும், பணத்தையும் தானா எடுத்துக்கும். நாளைக்குத்தான் அந்த நாள்.

"எனக்கு ஈஎஸ்ஐ இருக்கும்மா, இது எதுக்கு? என் பொண்ணு சங்கமித்ராவுக்கு நர்சிங் காலேஜ்ல சீட்டு கெடச்சிருக்கு. செக் குடுத்துட்டேன். அக்கவுன்ட்ல இருக்கறது அதுக்கு மட்டுந்தான் வரும். நீங்க பாலிசிக்குன்னு எடுத்தாலும் செக் திரும்பிடும், சார்ஜுன்னு எடுத்தாலும் திரும்பிடும். சீட்டு போயிடும்மா."

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டற சத்தம் கேட்டுது.

"உங்க கான்டாக்ட் நம்பர் சார்?"

இளங்கோவன் அந்த பூத் நம்பரையே குடுத்தார்.

அதுக்கப்புறம்தான் அவ குரல் மாறுச்சு.

"படிச்சுப் பாக்காம கையெழுத்துப் போட வேண்டியது. அப்புறம் இங்க போன் பண்ணி அழ வேண்டியது. உங்களுக்கெல்லாம் பேங்க் அக்கவுன்ட் ஒரு கேடா?"

ஆம்ப்ரோஸ் கையில இருந்த பன்னக் கீழ வெச்சுட்டார்.

"ஏம்மா, கொஞ்சம் மரியாதையா பேசு. உங்க அப்பா வயசு எனக்கு," ன்னார் இளங்கோவன்.

"எங்கப்பா படிச்சவரு சார்."

"இன்னா திமிரு பாரு," ன்னார் ஆம்ப்ரோஸ். "வுடாத இளங்கோ."

"நான் இப்படித்தான் பேசுவேன். பிடிக்கலன்னா கம்ப்ளெயின்ட் குடுங்க. என் பேரு ஸ்வர்ணா. நல்லா ஞாபகம் வெச்சுக்குங்க, ஸ்வர்ணா. சூப்பர்வைசர் கோவிந்தப்பா இருக்கார், லைன் போடவா? தைரியம் இருக்கா?"

"போடும்மா. நீ போடு மொதல்ல."

கோவிந்தப்பா வந்தார். இளங்கோவன் பொரிஞ்சு தள்ளிட்டார். உங்க பாலிசியும் வேணாம், உங்க சகவாசமும் வேணாம்னார். நடுநடுவுல ஆம்ப்ரோஸ் வேற, "சொல்லு, அந்த 'கேடா'வச் சொல்லு"ன்னு எடுத்துக் குடுத்தார்.

"லைன்லயே இருங்க சார். ரெக்கார்டிங் கேட்டுட்டு வர்றேன்."

கொஞ்ச நேரம் போன்ல வீணை மியூசிக் ஓடுச்சு. மறுபடி வந்த கோவிந்தப்பாவுக்குக் குரலே எறங்கிப் போயிருந்துச்சு.

"கேட்டேன் சார். ஸாரி, பேஜார் மாட்கோபேடி, வருத்தப்படாதீங்க. ஸ்டாஃப் கஸ்டமர்கிட்ட தப்பா பேசிட்டா நாங்க சார்ஜ் போடக் கூடாது, அது எங்க ரூல். பாலிசிய இப்பவே கேன்சல் பண்ணிட்டேன். உங்க அக்கவுன்ட்ட யாரும் தொட மாட்டாங்க."

இளங்கோவனுக்குக் கண்ணு நெறஞ்சுடுச்சு. "நீங்க நல்லா இருக்கணும் சார். உங்க புள்ளகுட்டி எல்லாம் நல்லா இருக்கணும்."

ஆம்ப்ரோஸ் குறுக்க பூந்தார். "அந்தப் பொண்ண இன்னா பண்ணுவீங்க?"

"மெமோ குடுப்போம். இந்த மாச இன்சென்டிவ் கட்."

"அப்படிப் போடுங்க."

போன வெச்சதும் ஆம்ப்ரோஸே ரெண்டு டீ சொன்னார். "நாளைக்கு வியாழக்கிழம. விவேக் நகர் குழந்தை ஏசு கோயிலுக்குப் போவேன் இல்ல, அந்தக் கோவிந்தப்பா பேர்ல ஒரு மெழுகுவத்தி ஏத்திடறேன்."

"ரெண்டா ஏத்துபா. என் பொண்ணு சீட்டக் காப்பாத்தின மனுசன்."

டீ வந்துச்சு. கூடவே போனும் அடிச்சுது. ஆம்ப்ரோஸ் ஸ்பீக்கரத் தட்டினார்.

"அங்க இளங்கோவன் சார் இருக்காரா? நான் ஸ்வர்ணா. எங்க ஆபீசுக்குக் கீழ இருக்கற காயின் போன்லேர்ந்து பேசறேன்."

ஆம்ப்ரோஸ் கண்ணடிச்சார். "வந்துட்டா பாரு கெஞ்சறதுக்கு. நல்லா நாலு கேளு."

ஆனா இளங்கோவனுக்கு இப்ப கோவமே வரல. மனசு நெறஞ்சு கெடக்கறப்போ யார்மேல கோவப்படறது?

"கெஞ்ச வேணாம்மா. இன்சென்டிவ் போச்சாமே, நீயும் யார் வூட்டுப் பொண்ணோ. எனக்குக் காரியம் முடிஞ்சிடுச்சு. கோவிந்தப்பா சார்கிட்ட சொல்லி கம்ப்ளெயின்ட்ட வாபஸ் வாங்கிக்கறேன், போ."

"ஐயோ சார், அது வேணாம்னு சொல்லத்தான் ஓடி வந்தேன். வாபஸ் வாங்கினீங்கன்னா சார்ஜ் மறுபடி வந்துடும். அந்த சார்ஜ் விழாம இருக்க எனக்குத் தெரிஞ்சது இந்த ஒரு வழிதான். மேல இருந்து பேசினா எல்லாம் ரெக்கார்ட் ஆகும், அதான் அப்ப சொல்ல முடியல. நான் பேசினத மனசுல வெச்சுக்காதீங்க."

இளங்கோவன் டீ கிளாஸக் கீழ வெச்சுட்டு போன் பக்கம் நகந்தார்.

"இன்னொண்ணு சார். எங்கப்பா படிச்சவர்னு சொன்னேன் இல்ல? அவரு கைநாட்டு சார்."

காயின் தீந்து போய் லைன் கட்டாயிடுச்சு.

ஆம்ப்ரோஸ் ஸ்பீக்கர அணைச்சார். அப்புறம் மெதுவாக் கேட்டார்.

"இளங்கோ, அந்த மெழுகுவத்தி ரெண்டையும் யார் பேர்ல ஏத்தறது?"

"ஸ்வர்ணா," ன்னார் இளங்கோவன். "ஞாபகம் வெச்சுக்கச் சொன்னா இல்ல."