நாலாவது பாட்டு

பிராங்பேர்ட்டில் ஒரு மூன்றாம் மாடிக் குசினிக்குள் மழைக்கால வெளிச்சம் சாம்பலாய் விழுகிறது. சன்னலோரத்து ஸ்பீக்கரில் மெலனியின் முதல் இசைத்தொகுப்பு, அமெரிக்கக் கிராமியக் கன்ட்ரி பாணியில், அலறுகிறது. மூன்றாவது பாட்டில் அவள் போத்தலை உடைக்கிறாள், பழைய காதலனை ஜெர்மனில் கெட்ட வார்த்தைகளால் திட்டுகிறாள், கிற்றார் அதற்கு ஒத்து ஊதுகிறது. பாடியவள் கதவடியில் நிற்கிறாள். அவளுடைய அம்மா ஜசிந்தா திரும்பிப் பார்க்காமல் மீனின் செதிலைச் சுரண்டுகிறாள். செதில்கள் தெறித்துச் சன்னல் கண்ணாடியில் ஒட்டுகின்றன. நாலாவது பாட்டு தாலாட்டைப் போல மெதுவாகத் தொடங்குகிறது. விமான நிலைய ஹோட்டலில் குளியலறைகளைக் கழுவிக் கழுவி வெடித்துப்போன அம்மாவின் கைகளைப் பற்றிய பாட்டு அது. முதல் வரி முடியுமுன்னே ஜசிந்தா முழங்கையால் அதை நிறுத்துகிறாள்.

“இதை உங்களுக்காகத்தான் எழுதினனான், அம்மா.”

“நீ குடிச்சதைப் பாடு, சண்டை பிடிச்சதைப் பாடு. நான் வாய் திறந்தனானோ? என்ர கையை ஏனடி பாடினனீ? இந்தப் பாட்டைக் கேட்டபிறகு வேலையில ஒருத்தரும் என்ர முகத்தைப் பாக்கிறேல்லை. எல்லாரும் கையைத்தான் பாக்கினம். பாவமாம்.”

மீன் ஈரம் காயாத விரலால் மூன்றாவது பாட்டைத் திரும்பப் போட்டுச் சத்தத்தைக் கூட்டுகிறாள். குசினிக்குள் போத்தல் மறுபடி உடைகிறது. மெலனியின் பார்வை, அவளையறியாமலே, அந்த விரலுக்குப் போகிறது. ஜசிந்தா அதைக் காண்கிறாள். கத்தியை வைத்துவிட்டு, வீட்டில் ஒருநாளும் போட்டிராத மஞ்சள் ரப்பர் கையுறைகளை எடுத்து, மகளைப் பார்த்தபடியே, விரல் விரலாக மாட்டுகிறாள்.