பூரணியின் கை

என் அக்கா தன் இரட்டைப் பெண்களுக்கு ஐந்து வயதுவரை ஒரே துணியில்தான் கவுன் தைத்தாள். தாரணிக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த வாரத்தோடு அதை நிறுத்திவிட்டாள். "ரெண்டு பேரும் ஒரே நஞ்சுக்கொடியில வளர்ந்தவங்கம்மா. வயித்துக்குள்ளேயே இவ ரத்தம் அவளுக்கும் போயிருக்கலாம். பூரணிக்கும் பார்த்துடுவோம்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். தாரணிக்கு முடி கொட்டியதும், தனக்கும் மொட்டை போடச் சொல்லிப் பூரணி அழுதாள். "நீ வேற, அவ வேறடி" என்று அக்கா அவளுக்கு இறுக்கிப் பின்னிவிட்டாள். நோய்க்கு இவளை அடையாளம் தெரியாமல் இருக்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ. இன்று ரத்தம் எடுக்கும் அறையில் பூரணி கையை நீட்டவே மாட்டேன் என்றாள். மொட்டைத் தலையோடு தாரணி அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். "பயந்தாங்கொள்ளி! எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்" என்று அந்தக் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நர்ஸ் எவ்வளவு தடவிப் பார்த்தும் நரம்பு தட்டுப்படவில்லை. தாரணி, பூரணியின் முழங்கை மடிப்புக்குச் சற்றுக் கீழே விரலை வைத்தாள். "இங்க பாருங்கக்கா. எனக்கு இங்கதான் கிடைக்கும்." அங்கேதான் இருந்தது. "கெட்டிக்காரிடி நீ" என்று நர்ஸ் சிரித்தாள். அக்கா எழுந்து வெளியே போய்விட்டாள். குழாய் நிறையும்வரை நான்தான் பூரணியின் தோளைப் பிடித்திருந்தேன்.